முப்பத்தாறு வயசு முகம்

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் பியோ குவாங்சு ஸ்டேஷன் பாத்ரூம் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே தொங்கிய இரண்டு பைகளையும் விரலால் மேலே தள்ளிப் பார்த்தார். விரலை எடுத்ததும் இரண்டும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தன.

"சார்! அப்குஜாங்ல ஒரு கொலை!" மறுமுனையில் சார்ஜன்ட் யங்மி. "வயசைக் குறைக்கிற கிளினிக். டாக்டர் தாக் போய்ட்டார்!"

பியோ போனைக் காதோடு அழுத்தினார்.

டாக்டர் தாக்!

இரண்டு மணி நேரம் முன்னால்தான் அந்த மனிதர் ஊதாப் பேனாவால் பியோவின் கண்ணைச் சுற்றிக் கோடு போட்டார். போட்டோ எடுத்தார். "பத்து வயசு காணாம போயிடும்" என்று சிரித்தார்.

இப்போது அவரே...

பியோவுக்கு வயது ஐம்பத்துமூன்று. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டாரைச் சந்தித்த விருந்தில் ஒரு குட்டிப் பெண் அவரைப் பார்த்து, "பொண்ணோட தாத்தாவும் வந்திருக்காரே!" என்று கூவியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைதான் அவரைப் பொய்ப் பெயரில் அந்தக் கிளினிக் படியேற வைத்தது.

ஸ்டேஷனில் தெரிந்தால்? ரிடையர் ஆகும்வரை ஓட்டித் தள்ளிவிடுவார்கள்!

கிளினிக்கின் போட்டோ அறைத் தரையில் டாக்டர் தாக் கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த கேமரா ஸ்டாண்டு. கேமரா வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே மெமரி கார்டு இல்லை.

"காலைல மூணே மூணு ஆம்பளைங்க சார்" என்றாள் யங்மி. "ஒன்பதுக்கு கூ மான்சு. பத்துக்கு யோம். பத்தரைக்கு பாங். மூணு பேரும் தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி."

"தெரு முழுக்க பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக். இங்க எல்லாருமே அப்படித்தானேம்மா."

"பிணத்தைப் பார்த்ததும் ரிசப்ஷன் பொண்ணு கதவைப் பூட்டிட்டா. யோமும் பாங்கும் உள்ளதான் இருக்காங்க. ஆனா அந்தக் கூ மான்சு எஸ்கேப்! அவன் குடுத்த நம்பர் ஒரு கோழிக்கடைக்குப் போகுது. எனக்கு அவன் மேலதான் சார் டவுட்!"

பியோ இருமினார்.

யங்மி அவரையே உற்றுப் பார்த்தாள்.

"சார்... உங்க கண்ணுக்குக் கீழ ஏதோ ஊதாவா..."

"தூக்கமில்லைம்மா! மேல சொல்லு!"

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். போலீஸ் தேடும் குற்றவாளியின் போஸ்டர். மோ தேஷிக், வயது அறுபத்தொன்று. பூசானில் கூட்டாளியைக் கொன்றுவிட்டுப் பத்து வருடமாகத் தலைமறைவு. அந்தப் படத்தின் கண், மூக்கு, தாடை எல்லாவற்றிலும் ஊதாக் கோடுகள்!

"டாக்டர் மேஜையில இருந்துச்சு."

பியோவுக்குப் புரிந்தது. போஸ்டரில் கோடு போட்டுப் பார்த்து, அந்த முகத்தை மாற்றியது தானே என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அவர் கேட்டிருப்பார்... அவன் அடித்திருப்பான்... பழைய முகம் இருக்கும் கார்டை உருவியிருப்பான்!

"ரெண்டு பேர்ல ஒருத்தன் மோ தேஷிக்!"

"இல்ல சார், ஓடிப்போன அந்தக் கூ மான்சுதான்!"

"அவன் இல்லம்மா!"

"அது எப்படி சார் அவ்ளோ நிச்சயமா..?"

பியோ பேச்சை மாற்றினார். "கைரேகை?"

"வாரன்ட் வர சாயங்காலம் ஆகும். சோதனை போடவும் முடியாது. ஒரு மணிக்கு வக்கீல் வர்றார். வந்தா ரெண்டு பேரையும் விட்டுடணும். அடையாள அட்டைப்படி ரெண்டு பேருக்கும் முப்பத்தாறு வயசு."

மணி பன்னிரண்டரை!

ஊழியர்கள் சாப்பிடும் அறையில் இருவரும் இருந்தார்கள்.

யோம் வெள்ளிச் சாயம் பூசிய தலையோடு, காதில் கடுக்கனோடு, காலைத் தூக்கி மேஜைமேல் போட்டிருந்தான்.

"என்ன பெரியவரே, இன்னும் எவ்ளோ நேரம்? வயிறு கிள்ளுது!"

பாங் எழுந்து குனிந்து வணங்கினான். வழவழப்பான முகம்.

"நீங்க உங்க கடமையைச் செய்யுங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

யங்மி காதில் கிசுகிசுத்தாள். "யோம்தான் சார். திமிரைப் பாருங்க!"

பியோ மாட்டெலும்பு சூப்பும் சோறும் வரவழைத்தார். மூன்று கிண்ணம். ஆவி பறந்தது.

சோறு வந்ததும் யோமின் கால் தானாகக் கீழே இறங்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று பேருக்கும் கரண்டி எடுத்து வைத்தான். தண்ணீர் ஊற்றினான்.

பியோ கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

காத்திருந்தார்.

அந்த நாட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூத்தவர் கரண்டியைத் தொடாமல் இளையவர் தொடமாட்டார். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. இமை மூடுவதுபோல நடப்பது.

பத்து விநாடி... இருபது...

ஒரு கரண்டி சூப்பில் இறங்கியது!

"அண்ணே" என்றார் பியோ மெதுவாக. "உப்பு சரியா இருக்கா?"

பாங் நிமிர்ந்தான்.

"அண்ணனா? எனக்கு முப்பத்தாறு வயசுதான் சார்!"

"அப்புறம் நான் கரண்டியைத் தொடுறதுக்கு முன்னால நீங்க எப்படி..? இதோ, இந்தத் திமிர் பிடிச்ச பயலைப் பாருங்க. எச்சில் முழுங்கிக்கிட்டு எனக்காகக் காத்திருக்கான்!"

"சீக்கிரம் எடுங்க பெரியவரே, ஆறிடும்!" என்றான் யோம்.

பாங்கின் முகம் மாறவில்லை. மாற முடியாது... அவ்வளவு ஊசி! ஆனால் கரண்டி கிடுகிடுவென நடுங்கியது.

சட்டென்று மேஜையைக் கவிழ்த்துவிட்டு ஓடினான்!

"பிடிங்க சார்!" யங்மி கத்தினாள்.

பியோ அவசரப்படவில்லை. நடந்தே போனார்.

படிக்கட்டில் நாலாவது படியில் பாங் முட்டியைப் பிடித்துக்கொண்டு "அய்யோ... அம்மா..." என்று உட்கார்ந்திருந்தான். முகத்துக்கு முப்பத்தாறு. முட்டிக்கு அறுபத்தொன்று!

சாக்ஸுக்குள்ளிருந்து மெமரி கார்டு வந்தது.

"குடும்மா, நான் பத்திரமா..." பியோ கை நீட்டினார்.

அதற்குள் யங்மி லேப்டாப்பில் செருகிவிட்டாள். முதல் படம்... மோ தேஷிக்கின் பழைய முகம். கேஸ் முடிந்தது!

"இன்னொரு படமும் இருக்கு சார். இன்னைக்குக் காலைல ஒன்பதே கால்!"

"வேண்டாம்மா, மூடிடு..."

தட்டினாள்.

ரோஸ் நிற ஹேர்பேண்ட். கண்ணைச் சுற்றி ஊதா வட்டம். பயந்துபோன ஆந்தைபோல... இன்ஸ்பெக்டர் பியோ குவாங்சு!

"அட, பெரியவரே!" யோம் விழுந்து விழுந்து சிரித்தான்.

யங்மி சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கா சார்?"

பியோ தலையாட்டினார்.

"எனக்குக் கல்யாணம் நடந்தப்ப எங்கப்பா உயிரோட இல்ல சார். கண்ணுக்குக் கீழ பையோட இருந்தாலும் பரவால்ல, வந்து நின்னிருந்தா போதும்னு இருந்துச்சு."

பியோ கண்ணுக்குக் கீழிருந்த ஊதாக் கோட்டைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?" என்றாள்.

"உள்ளதை எழுது. காலைலயே சொல்லியிருக்கணும், தப்பு என்னுது. மூணாவது சாட்சி பியோ குவாங்சு... கூ மான்சுன்னு பொய்ப் பேரு குடுத்த மடையன்."

"அப்ப அந்தக் கண் ஆபரேஷன்?"

முனகிக்கொண்டே இரண்டு கான்ஸ்டபிள்களின் தோளில் தொங்கியபடி நொண்டிக்கொண்டு போகும் முப்பத்தாறு வயது முகத்தைப் பியோ ஒருமுறை பார்த்தார்.

"பொண்ணு கையைப் பிடிச்சு மண்டபத்துல கடைசி வரைக்கும் நடக்கணும்மா... இனிமே கத்தி வெச்சா முட்டிக்குத்தான்!"