ஒரு மாசி

காலை ஆறு மணிக்கு மாசிலாமணியின் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்கப்பட்டது. ஆறரைக்குள் பூமி, நிலா, செவ்வாய் மூன்றிலும் இருந்த அத்தனை சர்க்கரைமானிகளும் அந்தச் சொட்டுக்கு ஏற்பத் தங்களைத் திருத்திக்கொண்டன. இருபது வருடமாகத் தினமும் நடப்பதுதான். அவருக்கு அது பல் தேய்ப்பது மாதிரி.

ஒரு காலத்தில் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் மூன்று மாதச் சர்க்கரையை நாட்டுக்கு நாடு வேறு விதமாக அளந்தார்கள். ஒரே ரத்தம் ஓர் ஊரில் ஏழு என்றது, விமானம் ஏறி இறங்கினால் ஒன்பது என்றது. அனைத்துக்கோள் அளவைக் கழகம் நாற்பது மாநாடுகளும் நானூறு விருந்துகளும் முடித்தபின் ஒரு முடிவுக்கு வந்தது: அளவுக்கென்று ஒரே ஒரு மனிதன் போதும். காபிக்குக்கூடச் சர்க்கரை போடாத செவ்வாய்க் குமிழ்நகர்க் குழாய் மெக்கானிக் மாசிலாமணி அகப்பட்டார். அவருடைய ரத்தச் சர்க்கரைதான் இனி ஒரு மாசி. அதுவே இயல்பு. இரண்டு மாசி என்றால் நோய்.

பதவியேற்பு விருந்தில் அவர் மனைவி பூங்கோதை, "அளவா சாப்பிடுங்க" என்று முணுமுணுத்தாள்.

"இனிமே நான்தானே அளவு!" என்று சொல்லி ஒரு ஜாங்கிரி தின்றார். மறுநாள் ஒரு மாசி. பத்து தின்றார். அப்போதும் ஒரு மாசி. ஒன்றை அதனுடனேயே ஒப்பிட்டால் ஒன்றுதானே வரும்! அன்றைக்கு ஆரம்பித்த மனுஷன் நிறுத்தவே இல்லை.

இப்போது வலது கால் கட்டைவிரலில் புண். மாதக்கணக்கில் ஆறவில்லை. தீராத தாகம், பார்வையும் மங்கல். பயந்துபோய் மருத்துவ எந்திரத்திடம் காலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு மாசி. மிகச் சரியான ஆரோக்கியம், ஐயா."

"புண்ணைப் பாருப்பா! விரலே போயிடும்போல இருக்கு!"

"சர்க்கரை காரணமாக இருக்க முடியாது. செருப்பை மாற்றிப் பாருங்கள், ஐயா."

இதை நம்பினால் காலும் போய்விடும் என்று அவருக்குப் புரிந்தது. இனிப்பை விட்டார். கேழ்வரகுக் கூழ் குடித்தார். குமிழ்நகரை மூன்று சுற்று நொண்டி நொண்டி நடந்தார். மூன்றே மாதத்தில் புண்ணின் ஓரம் காயத் தொடங்கியதும் மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே மூன்று மாதத்தில் மூன்று உலகமும் நோயில் விழுந்தது. யாரும் ஒரு கவளம் கூடுதலாக உண்ணவில்லை, ஆனால் ஒரு மாசியின் அளவே இறங்கிவிட்டதால் எல்லோருடைய மாசியும் எகிறியது. கழகத் தலைவர் நாச்சிமுத்து மூன்று பெட்டி மைசூர்பாகுடன் நேரிலேயே வந்து இறங்கினார்.

"இருபது வருஷமா சர்க்கரை நோயே இல்லாம வெச்சிருந்தோம். சரித்திர சாதனைங்க! நீங்க கூழைக் குடிச்சு அத்தனை பேரையும் நோயாளி ஆக்கிட்டீங்களே, நியாயமா?"

"அவங்க முன்னாடியே நோயாளிங்கதானே சார்? கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்லுங்க."

நாச்சிமுத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆயிரம் கோடி பேர் வாயைக் கட்டறது சுலபமா, உங்க ஒருத்தர் வாயைத் திறக்கறது சுலபமா?"

மாசிலாமணி துணைக்கு மனைவியைத் தேடினார். கதவோரம் நின்றிருந்தாள். கையில் அவளுடைய ரிப்போர்ட்.

"எனக்கு ரெண்டரை மாசியாங்க. நாளையிலேருந்து அரிசியே கூடாதாம். பயமா இருக்குங்க."

அவருக்கு மனசு கரைந்துபோனது. நொண்டியபடி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதே கோதை. நானும் உன்கூட நடக்கறேன். ரெண்டு பேருமா சரி பண்ணிக்கலாம்."

பூங்கோதை அவர் கால் விரலைப் பார்த்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் பெட்டியைப் பிரித்து, ஒரு துண்டு மைசூர்பாகை அவர் வாயருகே நீட்டினாள்.

"அளவெல்லாம் பார்க்காதீங்க" என்றாள்.