இருபது அடிக்குள்

மதியம் புதைத்த பூனைக்கு, மாலை ஐந்தே முக்காலுக்குச் சர்க்கரை முப்பத்தெட்டு என்று த்ரிசலாவின் போன் கூவியது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமண நயினார் வீடு. புருஷனும் பெண்டாட்டியும் அப்போதுதான் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்கள். தர்மசந்திரன் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எறும்புக்கும் ஒதுங்கி நடக்கிறவர் என்று அடி அண்ணாமலை முழுக்கப் பேர் வாங்கிய மனுஷன். பேர் சும்மா வருமா? தெரு பார்க்கும்போதெல்லாம் ஒதுங்கியிருக்கிறார்.

சக்கரவர்த்தி என்று பெயர் வைத்த அந்தப் பூனைக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலை ஆறுக்கு ரெண்டு யூனிட் இன்சுலின், மாலை ஆறுக்கு ரெண்டு. பிடரி மயிரைச் சிரைத்து, பொத்தான் மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அது இவள் போனுக்கு அனுப்பும். பெங்களூரில் மகள் ஸ்வேதாவுக்குக் குழந்தை பிறந்தபோதுகூட த்ரிசலா ஊசியை விட்டு நகரவில்லை. தெரு சிரித்தது. மகள் அழுதாள். இவள் அசையவில்லை.

"ஏங்க, முப்பத்தெட்டுன்னு காட்டுது."

"மிஷின் கோளாறு. சாப்பிடு, பொழுது போவுது."

"இருபது அடிக்குள்ள இருந்தாத்தான் காட்டும்னு டாக்டர் சொன்னாரே."

"கொல்லையிலதானே புதைச்சேன்? அவ்ளோதான் இருக்கும்."

"செத்ததுக்கு ஏதுங்க சுகர்?"

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். கொல்லையிலிருந்து புதுமண் வாசனையும், கிரிவலப் பாதையில் யாரோ வறுக்கிற கடலையின் கருகலும், அவற்றுக்கு அடியில், நோய் முற்றிய நாட்களில் பூனையின் மூச்சில் வருமே, அழுகின பழம் மாதிரி ஒரு தித்திப்பு, அதுவும் கலந்து ஜன்னல் கம்பிகளின் வழியே மெல்ல உள்ளே வந்தன.

த்ரிசலா எச்சில் கையோடு போனைத் தடவிப் பார்த்தாள். காலை ஒன்பதரை வரை கோடு ஒழுங்காகத்தான் போயிருந்தது. அவள் டவுனுக்குப் பஸ் ஏறிய பிறகு நடந்ததை, சென்சார் சேர்த்து வைத்து இப்போதுதான் அனுப்பியிருந்தது: கோடு கயிறறுந்த வாளியாக விழுந்திருந்தது.

"நான் போட்டது ரெண்டு. நீங்க எத்தனை போட்டீங்க?"

சோறு பிசைந்த விரல்கள் நின்றன.

"சிரிஞ்ச் நிறைய," என்றார். "பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான், த்ரிசலா. நான் இன்னும் போன்லதான் பாக்குறேன். அது துடிக்கல. தூங்கினாப்பல போச்சு."

ஊசி குத்துவதே ஹிம்சை என்று இரண்டு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டவர். எங்கே குத்த வேண்டும், எப்படி மருந்து இழுக்க வேண்டும் என்று ஓரக்கண்ணால் அத்தனையும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"மூச்சு நின்னுச்சான்னு பாத்தீங்களா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

சர்க்கரை அடியோடு இறங்கினால் பூனை செத்தது போலவே கிடக்கும், ஈறில் குளுக்கோஸ் தடவினால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொன்னது அவளிடம். இவர் கேட்டுக்கொண்டது வேறு.

"தோண்டுங்க."

மண்வெட்டியும் டார்ச்சுமாக இறங்கிப் போனார். அவள் குளுக்கோஸ் டப்பாவோடு பின்வாசல் வரை வந்தாள். படியிலேயே நின்றுகொண்டாள். தோண்டத் தோண்ட வெளியே இருட்டிவிட்டது. சரக். சரக். சரக்.

நின்றது.

"ஏங்க?"

டார்ச் தரையில் கிடந்து, தோண்டிய மண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

போன் கூவியது. நாற்பத்தொன்று.

"ஏங்க, உசுரு இருக்கா? வாங்க, குளுக்கோஸ் இங்க இருக்கு."

ஈரமாக ஒரு சத்தம். நக்குவது போல. நிதானமாக.

அறுபது.

டப்பா அவள் கையில்தான் இருந்தது. மூடி திறக்கவில்லை.

பால்சோறு தவிர வேறெதையும் அந்த வீட்டில் அது தின்றதில்லை.

தொண்ணூற்றிரண்டு. பக்கத்தில், மேல்நோக்கி ஒரு அம்பு.

டார்ச் வெளிச்சத்துக்குள் அவருடைய கை வந்தது. விரல்கள் மண்ணைப் பற்றின. பிறகு இழுப்புக்கு இழுப்பு, கொஞ்சம் கொஞ்சமாக, குழிக்குள் போனது.

நூற்று முப்பது.