தண்ணீர் டூட்டி

ஸ்நேகாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. வள்ளியம்மை அக்கா பாடம் நடத்தும் நாளாயிற்றே! அக்காவின் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்து, பார்த்து, மார்க் போடப் போகிறார்.

அக்கா டீச்சருக்குப் படிக்கிறவள். டில்லியில் ஸ்நேகா படிக்கும் தமிழ்ப் பள்ளியின் நாலாம் வகுப்புக்கு, சம்பளம் வாங்காமல் உதவி செய்ய வருவாள். தமிழ் படிக்கத் திணறுகிறவர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். எழுத்துக்கு அடியில் விரல் வைத்து, "நீ பாதி, நான் பாதி" என்று சேர்ந்து படிப்பாள். ஸ்நேகாவும் பிரதீப்பும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். ஜம்பு மட்டும் இன்னும் முதல் வரியில் முட்டிக்கொண்டு நின்றான்.

இன்றைய பாடத்தை ஸ்நேகா வீட்டில் கத்திக் கத்திப் படித்திருந்தாள். "போதும்டி, காது வலிக்கறது!" என்று அம்மாவே கெஞ்சிவிட்டாள்.

மணி அடித்தது. வகுப்பாசிரியை காமாக்ஷி மிஸ் வந்தார்.

"ஸ்நேகா, ஜம்பு, பிரதீப்! மூணு பேரும் வெளியே போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துங்கோ. கூப்பிடற வரைக்கும் உள்ளே வரப்படாது."

"மிஸ், இன்னிக்கு அக்கா பாடம்..."

"அதுக்குத்தான் சொல்றேன். அந்த மேடம் உங்களை எழுப்பிப் படிக்கச் சொன்னா, நீங்க முழிக்கற முழியில அக்காவுக்கு மார்க் போயிடும். ஜல்தி!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை! அக்கா ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று ஸ்நேகா பார்த்தாள். அக்கா, துடைத்த கரும்பலகையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

ஸ்நேகா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

குளிர்கால வெயில் இதமாக இருந்தது. பிரதீப் ஊற்றிய தண்ணீரில் சாமந்திச் செடிகள் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக வகுப்பே ஒரே குரலில் படிப்பது கேட்டது.

"ஸ்நேகா, நாம மக்குன்னுதானே வெளியே அனுப்பிட்டாங்க?" என்றான் ஜம்பு.

அவ்வளவுதான், ஸ்நேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய், எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டினால் என்ன? விறுவிறுவென்று கதவு வரை போனாள்.

உள்ளே, அக்கா மேடத்தைப் பயந்து பயந்து பார்த்தபடி, எழுதியதையே அழித்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்நேகா நின்றுவிட்டாள். கோபம் போகவில்லை. ஆனாலும் திரும்பி வந்துவிட்டாள்.

"சலோ, ஜம்பு, வந்து உட்காரு. நீ பாதி, நான் பாதி."

"எனக்கு வராது, போ!"

"எனக்கும்தான் வராமல் இருந்தது. விரலை வை."

பிரதீப் வாளியோடு இரண்டு முறை குழாயடிக்குப் போய் வந்தான். அதற்குள் ஸ்நேகாவும் ஜம்புவும் முதல் வரியைத் தாண்டியிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அக்கா கை நிறைய டாஃபியோடு ஓடி வந்தாள். "நல்லாப் போச்சு! மேடம் பாராட்டினாங்க!"

"எங்களை ஏன்க்கா அனுப்பினீங்க?"

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

"எனக்கு மார்க் வேணும்னு பயந்துட்டேன், ஸ்நேகா. மிஸ் சொன்னப்போ வேண்டாம்னு சொல்லியிருக்கணும். நான் செஞ்சது தப்பு."

ஸ்நேகா "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லி விடுகிற விஷயம் இல்லையே!

"டாஃபி வேண்டாம்க்கா. உட்காருங்க. ஜம்பு படிக்கறான், கேளுங்க."

அக்கா ஈரத் தரையென்றும் பாராமல் உட்கார்ந்தாள்.

"மழை நின்றது," என்று தொடங்கினான் ஜம்பு. "மயில்... இறகை... உ... உ..."

வழக்கம்போல அக்காவின் விரல் புத்தகத்துக்குப் போனது. ஸ்நேகா அதை மெல்ல விலக்கினாள்.

"விடுங்கக்கா. அவனுக்கே வரும்."

ஜம்பு எச்சில் விழுங்கினான். "உ... உதறியது!"

வந்துவிட்டது.