கையுறையைக் கடிக்காதவர்கள்

செவ்வாய்க் குடியேற்றத்தின் எலிக்கூடத்தில் காலை வேலை என்பது தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் கையை விடுவதுதான். கடிக்கிற எலி இடப்பக்க அடுக்குக்குப் போகும். முகர்ந்துவிட்டுச் சும்மா இருக்கிற எலி வலப்பக்கம். அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே ஜோடி சேர்ப்பார்கள். பூமியில் தொடங்கியதிலிருந்து இது நாற்பத்தெட்டாவது தலைமுறை. வலப்பக்கத்துக் குட்டியை இடப்பக்கத்துத் தாயிடம் விட்டு வளர்த்தாலும் அது கடிப்பதில்லை. குணம் ரத்தத்தில் இறங்குகிறது என்று அப்படித்தான் உறுதியானது.

குடியேற்றத்துக்கு ஆள் எடுத்ததும் அதே முறையில்தான். மரபணுவில் ‘சினக்கோடு’ இருந்தால் கப்பலில் இடமில்லை. எலிக்கூடத்தில் வேலை பார்க்கும் சௌந்தரவல்லிக்கு இடம் கிடைத்தது. அவள் மகள், நான்கு வயது செங்கனிக்கு அப்பாவின் கோடு வந்திருந்ததால், அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். வல்லி “சரிங்க” என்றாள்.

ஒன்பது வருஷமாயிற்று. “சாப்பிட்டியாடி?” என்று கேட்டால் பூமியிலிருந்து பதில் வர அரை மணி நேரமாகும். வெறும் திரையைப் பார்த்தபடி காத்திருக்கும் அந்த அரை மணிக்காகவே வல்லி வாரம் முழுவதும் இருந்தாள்.

அன்று குட்டிகளை எடை போட எடுத்தாள். இடப்பக்கத்துத் தாய் கையுறையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. வலப்பக்கத்துத் தாய் ஒதுங்கி வழிவிட்டது. பிறகு, குட்டிகள் கிடந்த பஞ்சை முகர்ந்துகொண்டே இருந்தது.

“இது ஏன் இப்படிப் பண்ணுது, ராஜு?”

“அது சாது, அக்கா. தேடும், ஆனா தடுக்காது,” என்றார் உடன் வேலை பார்க்கும் இருதயராஜ்.

மதியம் வருடாந்தர விசாரணை. வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

“பொண்ணைப் பிரிச்சு வச்சதுல உங்களுக்கு ஆட்சேபம் உண்டாம்மா?” என்று அதிகாரி ஞானசிகாமணி கேட்டார்.

வல்லியின் தாடை இறுகியது. “இல்லைங்க.”

எழுந்து கதவு வரை போனவள் நின்றாள். “உண்டுன்னு சொல்லியிருந்தா என்னங்க ஆகும்?”

“கோடு இருந்தாலும், அடுத்த கப்பல்ல பிள்ளையை நாங்க இங்க கொண்டுவந்து விட்டுரணும். விதி அப்படி. இதுவரைக்கும் நானூறு பேரைக் கேட்டாச்சு, ஒருத்தரும் சொல்லல.” மேசையில் இருந்த ஒரு பையனின் படத்தை அவர் நேராக்கி வைத்தார். “நானுந்தான்.”

“இப்பச் சொல்லலாங்களா?”

“கோப்பை மூடிட்டேனேம்மா. அடுத்த வருஷம் கேக்கறப்பச் சொல்லுங்க.”

“சரிங்க,” என்றாள் வல்லி.

மூடிய கோப்பில், குணம் என்ற இடத்தில், ‘அதிர்ந்து பேச மாட்டார்’ என்று எழுதியிருந்தது. பூமியில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் இதையே சொல்லித்தான் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.