மூன்றரையாவது மாடியில் எதிர்காலம்

‘தடக்!’

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். நான்காவது மாடியில் பத்து மணிக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. தேறினால்தான் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை!

“யாராவது இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம்... லிஃப்ட் மெக்கானிக். அஞ்சே நிமிஷம்!” கதவுக்கு மேலேயிருந்து ஒரு குரல்.

நான்காவது தடவையும் அதே பதில் வந்தது.

“அஞ்சு நிமிஷம்னு சொல்லிச் சொல்லியே இருபது நிமிஷம் ஆச்சு!”

கடுப்பில் நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். “ஐ வில் கோ... ஐ வில் கோயிங்...”

“வில் பி கோயிங்.”

“உங்களைக் கேட்டேனா?”

“காதுல விழுதே! வில் கோ, போவேன். வில் பி கோயிங், போயிட்டிருப்பேன். வில் ஹேவ் கான், போயிருப்பேன். அப்புறம் வில் ஹேவ் பீன் கோயிங்...”

“இத்தனை தடவை போறதுக்குப் படியிலயே போயிருக்கலாம்!”

அவன் சிரித்தான். எரிச்சலூட்டும் சிரிப்பு... கொஞ்சம் நல்ல சிரிப்பும்கூட.

“அது சரி, ‘போயிருப்பேன்’னா போகலைன்னுதானே அர்த்தம்? நீங்க திறந்திருந்தா நான் போயிருப்பேன்!”

“அது வுட் ஹேவ். ‘பத்து மணிக்குள்ள போயிருப்பேன்’, இதுதான் வில் ஹேவ். நானும் வெளிநாட்டு வேலைக்கு இதே டெஸ்ட் குடுத்தேன்... ரெண்டு தடவை ஃபெயில். எதிர்ல ஆளைப் பார்த்தாலே வாய் ஒட்டிக்குது.”

“ஃபெயிலான ஆள்கிட்டயா பாடம் கேட்கிறேன்? கடவுளே!”

கதவு திறந்தது. நெற்றியில் கிரீஸ். அதற்குக் கீழே... ஐயோ, அந்தக் கண்கள்! இவ்வளவு திட்டியவளைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்? கை கொடுத்து மேலே ஏற்றினான். ஏறிய பிறகும் ஒரு விநாடி அவள் அவன் கையை விடவில்லை.

அவள் பாஸ். அடுத்த ஒரு மாதம் எதிர் டீக்கடையில் அவனைப் பேசவைத்துப் பழக்கினாள். மூன்றாவது தடவையும் அவன் ஃபெயில். அதோடு ஆளையே காணோம்!

ஐந்தாம் நாள், கொட்டும் மழையில் மொட்டைமாடி லிஃப்ட் அறைக்கே போய் நின்றாள்.

“போன் எடுக்க மாட்டீங்க... பெரிய மானஸ்தன்!”

“நீங்க பாஸ். நான்... எப்படிங்க உங்க முகத்துல முழிப்பேன்?”

“முழிக்க வேணாம், பதில் சொல்லுங்க. அடுத்த வருஷம் இந்நேரம்?”

தலையைக் குனிந்துகொண்டான். “நீங்க... போயிருப்பீங்க.”

“தப்பு.”

“வில் ஹேவ் கான்... சரிதானே?”

“இங்கிலீஷ்ல சரி. ஐ-ன்னு சொன்னாலும் வி-ன்னு சொன்னாலும் அது மாறாது. தமிழ்ல கடைசி எழுத்து மாறும்.” நனைந்த இமைகள் ஒருமுறை தாழ்ந்து எழுந்தன. “போயிருப்போம்.”

“போ... போயிருப்போமா?”

“ஐயோ, கேள்வியா கேட்காதீங்க! எனக்கு வேலையில சேர இன்னும் ஆறு மாசம் இருக்கு. நாலாவது தடவை டெஸ்டுக்குப் போறீங்க, என்னை நினைச்சுக்கிட்டுப் பேசுறீங்க.”

“உங்களைப் பார்த்தாத்தான் வாய் ரொம்ப ஒட்டிக்குது...”

“உன்னைப் பிடிச்சிருக்குய்யா, மக்கு! இது என்ன டென்ஸ்னு மட்டும் கேட்டே... அவ்வளவுதான்!”