சடையாண்டியின் கைநாட்டு

துணியை விலக்கினார்கள்.

அண்ணன்தான்.

சிவனம்மாள் பார்த்தாள். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

எரியோடு பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் கிடந்தானாம் சடையாண்டி. குடித்துவிட்டு விழுந்திருக்கலாம் என்றார் ஏட்டு. அண்ணன் குடிக்காது.

இடது பெருவிரலில் நீல மை. தண்ணீரில் ஊறியும் போகாத மை!

மலைமேல் நாற்பத்திரண்டு பளியர் பழங்குடிக் குடும்பங்கள். தேன் எடுக்கும் பாறைகளும் பளிச்சியம்மன் காடும் எங்களுடையவை என்று வன உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டு மூன்று வருடமாக நடக்கிறார்கள். அதே இடத்தில் ரிசார்ட் கட்ட ஒரு கம்பெனி காத்திருக்கிறது. சிதறிக் கிடந்த சனத்தைக் கூட்டிக் குழு அமைத்ததே சடையாண்டிதான்.

இன்று திங்கட்கிழமை. திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் விசாரணை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஐரின் நாற்காலி போடச் சொன்னாள். எதிரே வக்கீல் ஸ்டீபன்ராஜ் உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்திலிருந்து அவர்களுக்காக வாதாடுகிறவர். சடையாண்டியைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது, இப்படி ஆகுமென்று நினைக்கவே இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நேத்து யாரோ ஆபீஸ் கதவுக்கடியில சொருகிட்டுப் போயிருக்காங்கம்மா..."

'மனுவை வாபஸ் வாங்குகிறோம். இப்படிக்கு, குழுத் தலைவர் சடையாண்டி.'

கீழே நீல நிறத்தில் கைநாட்டு.

கம்பெனிக்காரன் ஆசை காட்டியிருப்பான், அப்புறம் மனசு உறுத்திக் குடித்திருப்பார் என்றார் ஸ்டீபன்ராஜ். தலைவரே வாபஸ் வாங்கிய பிறகு விசாரணைக்குப் போய்ப் பிரயோசனமில்லை என்றார்.

சிவனம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது செல்லாது சார்."

"ஏம்மா?"

"அண்ணன் தலைவர் இல்ல. முட்டி வலிக்கி, அம்புட்டு தூரம் அலைய ஏலலன்னு போன வாரமே ஊர்க்கூட்டத்துல எறங்கிக்கிருச்சு. இப்ப நான்தான் தலைவர்."

ஸ்டீபன்ராஜின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப... அவன் சொன்னது நெசந்தானா..."



ஐரின் பேனாவை மூடி வைத்தாள்.

"எப்ப சார் சொன்னாரு? நீங்கதான் ஒரு மாசமாப் பாக்கவே இல்லியே?"

அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. கம்பெனி வக்கீலை விலைக்கு வாங்கி ஆறு மாதமாகிறது. சனிக்கிழமை சடையாண்டியைப் போனில் வரச்சொல்லி எரியோடு பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வாபஸ் தாளில் கைநாட்டுக் கேட்டபோது, நான் இப்போது தலைவர் இல்லை என்று அவன் சொன்னதைச் சாக்கு என்று நினைத்திருக்கிறார். கம்பெனி மேனேஜர் காலைப் பிடிக்க, வக்கீல் துண்டை இறுக்க... உயிர் போன பிறகுதான் விரலில் மை!

மேனேஜரைப் பிடிக்க ஜீப் கிளம்பியது.

பிணத்தை எப்போது எடுத்துப் போகிறீர்கள் என்று ஐரின் கேட்டாள். முதலில் கலெக்டர் ஆபீஸ் என்றாள் சிவனம்மாள்.

அங்கே வேப்பமரத்தடியில் நாற்பத்திரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னாள். ஒப்பாரி எழுந்தது. அவள் காதில் அது எங்கோ தூரத்தில் கேட்டது. எல்லோரையும் எழுப்பி உள்ளே கூட்டிப் போனாள். ஊர்க்கூட்டத் தீர்மானத்தை மேஜையில் வைத்தாள். ஒவ்வொருவராக முன்னால் வந்து எந்தப் பாறை, எந்த ஓடை, தெய்வம் எங்கே இருக்கிறது என்று சொன்னார்கள். மனு உயிரோடுதான் இருக்கிறது, வியாழக்கிழமை எல்லை அளக்க ஆள் வரும் என்று எழுதிக் கொடுத்தார் அதிகாரி.

அதைப் படித்தபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாலு மணிக்கு, பிணத்தை வாங்கும் தாளில் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குத் திரும்பினாள்.

கம்பிக்குப் பின்னால் ஸ்டீபன்ராஜ்.

"தலைவர மாத்துனத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா..."

சிவனம்மாள் கையெழுத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அதச் சொல்லத்தான் சார் அண்ணன் வந்துச்சு."