அப்பாவுக்கு ஒரு நாற்காலி

"அவங்க சொல்றதை மறுக்கவே கூடாது சார். இல்லாத ஆளைத் தேடினாலும், வந்துட்டாருன்னுதான் சொல்லணும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அவங்க இருக்கிற இடத்துக்கு நாம போறோம், அவ்வளவுதான். பயம் போச்சுன்னா நல்லாத் தூங்குவாங்க, சிரிப்பாங்க. பழசெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வரும்."

ஆறு மாதத்துக்கு முன், மறதி நோயாளிகளுக்கான அந்த இல்லத்தில் அம்மாவைச் சேர்த்த அன்று மேற்பார்வையாளர் சொன்னது. கடைசி வரியை அன்று அவன் காதில் வாங்கவில்லை. நேற்று அதே மேற்பார்வையாளர் போனில் சந்தோஷமாகச் சொன்னாள்: "அம்மா இப்ப தினமும் அப்பாவைப் பத்திக் கதை சொல்றாங்க சார். இன்னிக்கு ஏதோ பின்னறைன்னு ஆரம்பிச்சு, மிச்சம் நாளைக்குன்னுட்டாங்க."

அந்த மிச்சம் வெளியே வருவதற்குள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும்.

இல்லத்து வாசலில், அங்கேயே தங்கியிருக்கும் பழைய கண்டக்டர் ஒருவர் மறித்தார். வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸில் நின்றவர். இங்கேயும் காகிதத்தைக் கிழித்து டிக்கெட் கொடுக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார். அவன் கையில் இரண்டைத் திணித்தார்.

"நான் ஒரு ஆள்தான் பெரியவரே."

"பின்னாடி நிக்கிறவருக்கு யாரு எடுப்பா, உங்க தாத்தாவா? படியில நிக்காம உள்ள போங்க."

திரும்பிப் பார்த்தான். வெறும் வாசல். அந்தி வெயில்.

நடைவழியில் ஒவ்வொரு கதவருகிலும் ஒரு வாசனை இருந்தது. துவைத்த போர்வை, சோப்பு, யாரோ முழங்காலில் தேய்த்த தைலம். எல்லாவற்றுக்கும் அடியில், இங்கே இருக்கவே கூடாத ஒன்று, ஈரம் காயாத பெயிண்ட் வாசனை, அவன் நடக்க நடக்கக் கூடவே வந்தது. அவனுக்குத் தெரிந்த வாசனைதான். மூன்று வருஷத்துக்கு முன் அம்மா ஊரில் இல்லாத இரண்டு நாள், நினைவு தப்பி அலைந்துகொண்டிருந்த அப்பாவைப் பின்னறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நண்பர்களோடு ஊர் சுற்றப் போனான். திரும்பி வந்து கதவின் உட்புறத்தைப் பார்த்தான். அம்மா வருவதற்குள் பெயிண்ட் அடித்தான். அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்றான்.

"அந்தக் கதவுக்கு மட்டும் எதுக்குடா பெயிண்ட்?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள் அம்மா. பிறகு கேட்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் அக்கா விடமாட்டாள். போலீஸும் விடாது.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தில் இத்தனை தெளிவை அவன் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. அவளருகே ஒரு காலி நாற்காலி. அவன் அதில் உட்காரப் போனான்.

"சார், அது ஐயா இடம்," என்றாள் மேற்பார்வையாளர்.

"அம்மா, கிளம்பு. வீட்டுக்குப் போலாம்."

"உங்கப்பாவை ஒரு வார்த்தை கேளு."

"அப்பா இல்லம்மா. செத்து மூணு வருஷமாச்சு."

மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் ஒன்றாக நின்றன. யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அந்த நாற்காலி மேல்.

ஒரு சத்தம்.

மரத்தில் நகம். மெதுவாக. மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து.

நாற்காலியின் மெத்தை அமிழ்ந்தது.

நகர நினைத்தான். மணிக்கட்டை ஏதோ பற்றியது. குளிர். பார்க்காதே. பார்த்தான். கை எதுவும் இல்லை. தோலில் மட்டும் நான்கு பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மரச் சிராய்கள் குத்தி நின்றன.

"அம்மா," என்றான்.

அம்மா அவனை முழுசாகப் பார்த்தாள். எதையும் மறந்தவளின் பார்வை இல்லை அது. பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கணவனிடம் மட்டும் பேசுகிற தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மூணு வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிருந்தேங்க. போறப்ப இவனையும் கூட்டிட்டுப் போயிடுங்க."